இலைக்குள் ஒரு மருந்துச்சாலை

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் தன்வந்திரி சந்நிதியில் ஒரு நிமிஷமாவது நின்று கைகூப்பிவிட்டு வருவது வழக்கம். வைத்தியத்துக்கு அதிதேவதையாகிய அம்மூர்த்தி இங்கே எழுந்தருளியிருப்பதற்கு ஒரு சரித்திரமும் உண்டு. முற்காலத்தில் இக்கோயிலைச் சார்ந்து ஓர் ஆரோக்கியசாலை நடந்துவந்தது. இடையில் அது சிதைந்துபோய் மறுபடியும் புதுப்பிக்கப்பட்ட செய்தியை 1493-ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒன்று தெரிவிக்கிறது. மருந்துச்சாலை என்றால் அங்கே கல்வமும் உரலும் இருக்கும். அடுப்பில் கஷாயம் கொதிக்கும். இடிப்பவர் ஒருவர், வடிகட்டுபவர் ஒருவர், அளந்து கொடுப்பவர் ஒருவர் என்று ஆட்கள் இருப்பார்கள்.

அதே காவிரித் தீவில், கல்வமும் அடுப்பும் இல்லாமல் மருந்து செய்யும் சாலைகள் இன்றும் எண்ணற்று இருக்கின்றன. வேலியோரத்திலும் வாய்க்கால் கரையிலும் வீட்டுக் கொல்லையிலும் பன்னிரண்டு மாதமும் பூத்து நிற்கிற நித்தியகல்யாணியைத்தான் சொல்கிறோம். மயானங்களில் தானாக முளைத்துக் கிடப்பதால் சுடுகாட்டுமல்லி என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. மடகாஸ்கர் தீவில் பிறந்து, கடல் கடந்து வந்து, நம் ஊர்ச் செடியாகவே ஆகிவிட்டது. ஆடு மாடுகூட வாய் வைக்காத அதன் இலையிலிருந்துதான், குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உலகெங்கும் கொடுக்கப்படும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து கிடைக்கிறது.

மண்ணையும் நீரையும் வெயிலையும் தவிர வேறொன்றும் அறியாத ஒரு செடி, மகா மேதாவிகளான இரசாயன நிபுணர்களும் செய்யத் திணறும் ஒரு பொருளை எப்படிச் செய்கிறது? அதற்கு உள்ளேயிருந்து வேலை செய்பவர்கள் யார்? இந்தக் கேள்விக்கு முழு விடை நம் காலத்தில்தான், அதுவும் இந்தச் சில வருஷங்களுக்குள்ளேதான் கிடைத்திருக்கிறது. செடி நம்முடையது, விடையைக் கண்டவர்கள் பெரும்பாலும் பிற நாட்டார். ஆகையால் இது வெறும் தாவர சாஸ்திர விஷயம் மட்டும் அன்று; நம் நாட்டு விஷயமும் ஆகும்.

காப்பியிலும் சுருட்டிலும் உள்ளது

நித்தியகல்யாணியின் மருந்துச் சத்து ஆல்கலாய்டு என்னும் இனத்தைச் சேர்ந்தது. காரத்தின் தன்மை உடையது என்பது அப்பெயரின் பொருள். 1819-ஆம் வருஷத்தில் மைஸ்னர் என்ற ஜெர்மானிய மருந்துக் கடைக்காரர் இட்ட பெயர் அது. பெரும்பாலும் கசப்பாக இருக்கும். நைட்ரஜன் என்ற தனிமம் அதில் தப்பாமல் இருக்கும். சிறிய அளவிலேயே உடம்பில் பெரிய விளைவை உண்டாக்கும். இவையே இந்த இனத்தின் அடையாளங்கள்.

பெயர் புதிதாக இருக்கலாம். பொருள் நம் வீட்டுக்குப் புதிதன்று. விடியற்காலையில் காப்பி வராவிட்டால் வீட்டுத் தலைவருக்கு வரும் கோபத்துக்குக் காரணம் காபீன் என்னும் ஆல்கலாய்டு. மிளகு ரஸத்தின் காரத்துக்குக் காரணம் பைப்பரின் என்னும் ஆல்கலாய்டு. ஒரு காலத்தில் இங்கிலாந்து வரையில் புகழ் பெற்றிருந்த திருச்சிச் சுருட்டில் இருந்தது நிகோடின். எட்டிக் கொட்டையின் கொடிய விஷம் ஸ்டிரிக்னின். முறைக் காய்ச்சலுக்குக் கண்கண்ட மருந்தாக விளங்கிய குவினைனும் இந்த இனமே. 1820-ஆம் வருஷத்தில் பாரிஸ் நகரத்தில் பெல்லெத்தியே, காவந்தூ என்னும் இருவர் அதைச் சின்கோனா மரப் பட்டையிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

ஒரே இனத்தில் காலைப் பானமும் இருக்கிறது. உயிர் போக்கும் விஷமும் இருக்கிறது. உயிர் காக்கும் மருந்தும் இருக்கிறது. எது எப்படி ஆகும் என்பது பெரும்பாலும் அளவைப் பொறுத்தது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

செடிக்கு இதனால் என்ன லாபம்?

நமக்கு மருந்து கொடுப்பதற்காகவே செடி இதைச் செய்கிறது என்று நினைப்பது மனிதனின் இயல்பான அகம்பாவம். செடிக்கு ஓடத் தெரியாது, அடிக்கத் தெரியாது. இலையைத் தின்ன வரும் புழுவையும் பூஞ்சைக் காளானையும் எதிர்க்க அதனிடம் உள்ள ஆயுதம் இரசாயனம் ஒன்றே.

இதைக் கண்ணாரக் காண விரும்புகிறவர்கள் ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர்ப் பக்கம் போகலாம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, 25 ஏக்கர் பரப்பில், 2015-ஆம் வருஷத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. அந்தப் பக்கத்திலும், காவிரிக் கரையில் எங்கெல்லாம் கிலுகிலுப்பைச் செடி காய்ந்து நிற்கிறதோ அங்கெல்லாமும், கறுப்பு இறக்கையில் வெளிர் நீலக் கோடும் புள்ளியும் உடைய பூச்சிகள் கூட்டமாக மொய்ப்பதைச் சில சமயங்களில் பார்க்கலாம். பூவில் தேன் குடிக்க வந்தவை அல்ல அவை. வாடிய இலையையும் காயையும் சுரண்டி, கசியும் சாற்றை உறிஞ்சுகின்றன. மொய்ப்பவை அநேகமாக ஆண் பூச்சிகள். கிலுகிலுப்பையிலுள்ள ஒருவகை ஆல்கலாய்டை அவை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. அதனால் பறவைகளுக்கு அவை கசந்துபோகின்றன. அது மட்டுமா? அதே பொருளைக் கொண்டு பெண் பூச்சியைக் கவரும் வாசனையையும் செய்துகொள்கின்றன. செடி விஷமாகச் செய்தது பூச்சிக்குக் கவசமும் கலியாணச் சந்தனமும் ஆகிவிடுகிறது!

இந்த ஆல்கலாய்டின் பிறப்பில் ஒரு விசித்திரம் உண்டு. அதன் முதற்படியைச் செய்து தரும் வேலையாள் எங்கிருந்து வந்தார் என்பதை 1999-ஆம் வருஷத்தில் ஓபர், ஹார்ட்மன் என்னும் இரு ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள், இதே வகை ஆல்கலாய்டைச் செய்யும் வேறொரு செடியில் கண்டுபிடித்தார்கள். செடிகளில் மட்டுமன்றி நம் உடம்பிலும் இருக்கும் ஒரு சாதாரண வேலையாளுக்கு, வம்ச வழியில் எப்போதோ ஒரு பிரதி தோன்றியிருக்கிறது. மூலவர் பழைய வேலையையே பார்த்துக்கொண்டிருக்க, பிரதி மெல்ல மெல்ல மாறி, விஷம் செய்யும் புதிய வேலையைக் கற்றுக்கொண்டது. இந்த மாற்றம் வெவ்வேறு தாவரக் குலங்களில் தனித்தனியே பல முறை நிகழ்ந்திருக்கிறது. கிலுகிலுப்பையின் குலமும் அவற்றுள் ஒன்று. இயற்கை புதிய ஆளை வானத்திலிருந்து இறக்குவதில்லை. வீட்டில் இருக்கும் ஆளுக்கே புது வேலை பழக்குகிறது.

வேலையாட்கள் யார்?

வேலையாள், வேலையாள் என்று சொல்லிக்கொண்டே போகிறோமே, அவர் யார்? என்ஸைம் என்றும், இப்பொழுது பாடப் புத்தகங்களில் நொதி என்றும் சொல்லப்படுவதுதான் அது.

பச்சரிசிச் சோற்றை ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருந்து பாருங்கள். சிறிது நேரத்தில் இலேசான தித்திப்புத் தட்டும். நாம் வகுப்பில் மாணவர்களைச் செய்யச் சொல்லும் முதல் பரிசோதனை இதுதான், செலவில்லாதது. உமிழ்நீரிலுள்ள ஒரு நொதி சோற்றின் மாவுப் பொருளை வெட்டிச் சர்க்கரையாக்குவதால் வரும் தித்திப்பு அது. நொதி என்பது புரதத்தால் ஆன மிக நுண்ணிய பொருள். அதன் உடம்பில் ஒரு பள்ளம் இருக்கும். பூட்டுக்குள் அதற்குரிய சாவி பொருந்துவது போல அந்தப் பள்ளத்துக்குள் ஒரு குறிப்பிட்ட பொருளே பொருந்தும். பொருந்தியதும் வெட்டவோ ஒட்டவோ செய்து வெளியே விடும். தான் மாறாமல் அடுத்ததற்குத் தயாராகிவிடும். இரசாயன சாலையில் கொதிக்கும் அமிலமும் பெரும் அழுத்தமும் கேட்கும் வேலைகளை, நொதி சாதாரண நீரில், சாதாரண வெப்பத்தில் முடித்துவிடுகிறது.

ஒரு நொதி ஒரு வேலைதான் செய்யும். ஆகையால் பெரிய பொருளைச் செய்ய ஒரு வரிசை வேண்டும். திருச்சியில் ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாகச் செயற்கை வைரக் கல் பட்டை தீட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கல்லைத் துண்டாக்குவார்; ஒருவர் உருட்டி வடிவம் கொடுப்பார்; ஒருவர் பட்டை போடுவார்; ஒருவர் மெருகேற்றுவார். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி மாறி, கடைசியில் மின்னும் கல் வெளியே வரும். இலைக்குள் நடப்பதும் அதுவே.

நித்தியகல்யாணியின் வரிசை

நித்தியகல்யாணியில் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகளைக் கண்டிருக்கிறார்கள். அவற்றின் உற்பத்தி இரண்டு திசைகளிலிருந்து தொடங்குகிறது. ஒரு பக்கம் டிரிப்டோபன் என்னும் அமினோ அமிலம். நாம் உண்ணும் பருப்பிலும் பாலிலும் உள்ளதுதான். ஒரு நொதி அதிலிருந்து கரியமில வாயுவை மட்டும் கழற்றிவிட்டு, டிரிப்டமின் என்ற பொருளாக்குகிறது. மற்றொரு பக்கம் ஜெரானியால் என்ற வாசனைப் பொருள். ரோஜாவின் மணத்திலும் அது உண்டு. அதைப் பல நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வளைத்து, மடக்கி, சர்க்கரையும் சேர்த்து, செக்கோலோகனின் என்ற பொருளாக்குகின்றன. இந்த இரண்டையும் இன்னொரு நொதி இணைக்கிறது. பிறக்கும் பொருளுக்கு ஸ்டிரிக்டோசிடின் என்று பெயர்.

இந்தப் பெயரை மட்டும் நேயர்கள் சற்று மனத்தில் நிறுத்திக்கொள்ளட்டும். ஏனெனில் இது ஒரு தாய்ப் பொருள். நித்தியகல்யாணியின் மருந்துகள் மட்டுமல்ல. சின்கோனாவின் குவினைன், எட்டியின் ஸ்டிரிக்னின், சர்ப்பகந்தி வேரின் சத்து ஆகிய யாவும் இந்த ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவ்வச் செடியில் இதற்குப் பின் வரும் நொதிகள் வேறு வேறாக இருப்பதால் ஒன்று மருந்தாயிற்று, மற்றொன்று விஷமாயிற்று.

செடி இந்த வேலையை எவ்வளவு முன்யோசனையுடன் செய்கிறது என்பதைப் பாருங்கள். ஜெரானியால் பக்கத்து ஆரம்ப வேலை இலை நரம்பை ஒட்டிய ஒரு வகை உயிரணுக்களில் நடக்கிறது. நடுப்பகுதி வேலை இலையின் மேல்தோல் அணுக்களில். இறுதி வேலைக்கு வேறொரு வகை அணுக்கள். பொருள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு எடுத்துச் செல்லப்படுகிறது. ஸ்டிரிக்டோசிடின் அணுவுக்குள்ளேயே ஒரு சேமிப்புப் பையில் அடைபட்டிருக்கிறது. அதைப் பிரித்து வீரியமுள்ளதாக்கும் நொதியோ அணுவின் உட்கருவுக்குள் காவலில் இருக்கிறது. பெரிய கோயிலின் ஏழு பிராகாரங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுவர்கள். புழு இலையைக் கடித்ததும் சுவர்கள் இடிகின்றன, இரண்டும் கலக்கின்றன, புழுவின் வாயிலேயே விஷம் பிறக்கிறது. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் பெட்டியில் தனித்தனியே இருக்கும்போது சிவப்பில்லை, மென்றால்தான் சிவக்கிறது. அதே கதைதான்.

தாய்ப் பொருளிலிருந்து மேலும் பல படிகள் கடந்து, வின்டோலின் என்றும் கதராந்தின் என்றும் இரண்டு பொருள்கள் உண்டாகின்றன. இவ்விரண்டையும் இணைத்தால் வருவதுதான் வின்பிளாஸ்டின் குடும்பம். அதில் ஒரு சிறு மூலையை மாற்றினால் வின்கிரிஸ்டின். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் சுமார் முப்பது படிகள். இந்த வரிசையில் நீண்ட காலம் மறைந்திருந்த நொதிகளை 2018-ஆம் வருஷத்தில் இங்கிலாந்தில் நார்விச் நகரிலுள்ள ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ஸாரா ஓகானர் அம்மையாரின் குழுவினர் கண்டறிந்து வெளியிட்டார்கள்.

இரண்டாயிரம் கிலோவுக்கு ஒரு கிராம்

இம்மருந்து மனிதர் கைக்கு வந்த கதையும் ருசிகரமானது. ஜமைக்கா தீவில் நித்தியகல்யாணி இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடிப்பது வழக்கம். 1952-ஆம் வருஷத்தில் அங்கிருந்து சில இலைகள் கனடா தேசத்துக்குத் தபாலில் போயின. அவற்றைச் சோதித்த ராபர்ட் நோபிள், சார்லஸ் பியர் என்னும் இருவரும் தங்கள் பிராணிகளின் இரத்தச் சர்க்கரையில் எவ்வித இறக்கத்தையும் காணவில்லை. ஆனால் இரத்தத்தின் வெள்ளையணுக்கள் மளமளவென்று குறைந்தன. வெள்ளையணுக்கள் தறிகெட்டுப் பெருகுவதுதானே இரத்தப் புற்றுநோய்! அதைக் குறைக்கும் பொருள் கிடைத்துவிட்டது என்று அவர்கள் உணர்ந்து, 1958-ஆம் வருஷத்தில் வின்பிளாஸ்டினை உலகுக்கு அறிவித்தார்கள். ஓர் அணு இரண்டாகப் பிரியும்போது தன் உட்பொருளை இருபுறமும் இழுக்க நுண்ணிய இழைகளைக் கட்டுகிறது. அந்த இழைகளின் செங்கற்களை இம்மருந்து பற்றிக்கொண்டு, கட்டவிடாமல் செய்கிறது. ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும் புற்றணு அதனால் மாள்கிறது.

ஆனால் செடி தன் தேவைக்குத்தானே செய்கிறது? ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கோ 2,000 கிலோவுக்கு மேல் வேண்டும். 2019-ஆம் வருஷத்தில் செல்வத்தில் சிறந்த அமெரிக்காவிலேயே வின்கிரிஸ்டினுக்குப் பஞ்சம் வந்தது. உற்பத்தி செய்துவந்த கம்பெனிகளுள் ஒன்று விலகிக்கொள்ள, குழந்தைகளின் சிகிச்சைக்கு மருந்தை யாருக்கு முதலில் கொடுப்பது என்று வைத்தியர்கள் தவிக்க நேர்ந்தது. இலைக்குள் நடக்கும் வேலையை அறிந்துகொள்வது ஏட்டுப் படிப்பன்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கார்த்திகைப் பூவின் அதிசயம்

இனி இன்னொரு செடியைப் பார்ப்போம். இது முற்றிலும் நம்முடையது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் பூக்களை அடுக்கும்போது முதலில் வைத்த காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்கும் செங்காந்தள். கார்த்திகை விளக்கின் சுடர்களைப் போல இதழ்கள் மேல்நோக்கி வளைந்து, மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும். கிழங்கு கலப்பை வடிவாக இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கண்வலிக் கிழங்கு என்றும் கூறுவார்கள்.

திருச்சியிலிருந்து மேற்கே கரூரைக் கடந்து மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பக்கம் போனால், கம்பி கட்டிக் கொடியேற்றிய செங்காந்தள் வயல்களைக் காணலாம். இப்பூவில் சூல்தண்டு மகரந்தத்தை விட்டு விலகி, பக்கவாட்டில் மடங்கி நிற்கும். ஆகையால் நல்ல விளைச்சல் வேண்டுமானால் காலை வேளையில் ஆட்கள் கொடி கொடியாகச் சென்று, மகரந்தத்தைக் கையால் எடுத்துச் சூல்முடியில் தடவ வேண்டும். அவ்வளவு பாடுபட்டு எடுக்கும் விதையில் கோல்சிசின் என்னும் ஆல்கலாய்டு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இருக்கிறது. அதற்காகத்தான் விதை பெரும்பாலும் கப்பலேறிப் போகிறது. முடக்கும் கீல்வாதத்தில் ஒரு வகைக்குக் கோல்சிசின் நெடுங்காலமாக மருந்து. 2023-ஆம் வருஷத்தில் அமெரிக்க மருந்து நிர்வாகம் இருதய நோயாளிகளுக்கும் அதைச் சிறு அளவில் கொடுக்க அனுமதித்தது.

கோல்சிசினும் நித்தியகல்யாணியின் மருந்தைப் போலவே அணுவின் இழைக் கற்களைப் பற்றிக்கொள்கிறது. பிடிக்கும் இடம் மட்டும் வேறு. உறவே இல்லாத இரண்டு செடிகள் ஒரே பூட்டுக்கு இரண்டு சாவிகள் செய்திருக்கின்றன!

செங்காந்தள் இதைச் செய்யும் விதம் இரசாயன நிபுணர்களை வெகு காலம் திகைக்க வைத்தது. கோல்சிசினில் ஏழு கரியணுக்களாலான ஒரு வளையம் இருக்கிறது. இத்தகைய வளையம் இயற்கையில் அபூர்வம். 1960-களில் பாட்டர்ஸ்பி என்ற ஆங்கில அறிஞர், அடையாளமிட்ட கரியணுக்கள் கொண்ட பொருள்களைச் செடிக்கு ஊட்டி, அவை எங்கே போய்ச் சேர்கின்றன என்று பின்தொடர்ந்தார். மாட்டின் கழுத்தில் மணி கட்டி, அது எந்தக் கொல்லையில் மேய்கிறது என்று அறிவது போன்ற உபாயம் அது. பாதை தெரிந்தது, வேலையாட்கள் தெரியவில்லை. 2020-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் எலிசபெத் ஸாட்லி அம்மையாரின் குழுவினர் நம் செங்காந்தளிலிருந்தே எட்டு நொதிகளுக்கான மரபணுக்களைக் கண்டார்கள். அவற்றுள் ஒரு நொதி, ஆறு கரியணு வளையத்தை உடைத்து, பக்கத்திலிருந்த ஒரு கரியணுவை உள்ளே இழுத்து, ஏழாக விரிக்கிறது! பிறகு மொத்தம் பதினாறு நொதிகளைப் புகையிலையின் உறவான ஒரு காட்டுச் செடியின் இலையில் புகுத்தி, கோல்சிசினுக்கு முந்திய படிப் பொருள் வரையில் அந்த இலையைக் கொண்டே செய்துகாட்டினார்கள்.

இவ்விடத்தில் இல்லத்தரசிகளுக்கு ஓர் எச்சரிக்கை. கண்வலிக் கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று எண்ணிச் சமைத்து உண்டு மாண்டவர்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, இலங்கையிலும் உண்டு. வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது. நித்தியகல்யாணியும் அப்படியே. நீரிழிவுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதன் இலையை மென்று தின்பதும், கஷாயம் வைத்துக் குடிப்பதும் கூடாது. புற்றணுவைக் கொல்லும் பொருள் நல்ல அணுவையும் விட்டுவைக்காது. வைத்தியர் மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுப்பதற்கும், நாம் கைப்பிடி கணக்கில் அள்ளிப் போட்டுக்கொள்வதற்கும் உயிருக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு.

இலை விற்கும் நாடா?

நொதிகளின் பெயர் தெரிந்ததும் காரியம் அடுத்த கட்டத்துக்குப் போயிற்று. 2022-ஆம் வருஷத்தில் டென்மார்க் தேசத்தை மையமாகக் கொண்ட ஆராய்ச்சியாளர்கள், ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டுக்குள் செடிகளின் 34 மரபணுக்களைப் புகுத்தி, நித்தியகல்யாணியின் முப்பது படி வேலையையும் அதைக் கொண்டே செய்வித்து, வின்டோலினையும் கதராந்தினையும் பெற்றார்கள். பின்பு அவற்றைக் குடுவையில் இணைத்து வின்பிளாஸ்டின் ஆக்கினார்கள். கிடைத்த அளவு மிகச் சொற்பம். ஆனாலும் வழி திறந்துவிட்டது. வயலும் வெயிலும் வேண்டாத ஒரு பாத்திரத்தில் இம்மருந்து பொங்கும் நாள் வரலாம். மருந்துப் பஞ்சம் தீர்வது நல்லதே. பிள்ளைகள் பிழைப்பது நல்லதே. அப்பொழுது மூலனூர்க் குடியானவரின் விதைக்கும், மானாவாரி நிலத்தில் நித்தியகல்யாணி விதைத்தவரின் இலைக்கும் என்ன விலை இருக்கும்?

இந்தக் கேள்விக்கு நம் சரித்திரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1931-ஆம் வருஷத்தில் டில்லியில் ஸலீமுஸ்ஸமான் ஸித்திக்கி என்ற இரசாயன அறிஞர் சர்ப்பகந்தி வேரிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தார். தேச பக்தரும் யூனானி வைத்தியருமான ஹகீம் அஜ்மல்கானின் நினைவாக அதற்கு அஜ்மலின் என்று பெயரிட்டார். 1949-ஆம் வருஷத்தில் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், அந்த வேர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை உலகம் ஒப்புக்கொள்ளும்படி எழுதிக் காட்டினார். அறிவும் நம்மவரது, வேரும் நம்முடையது. ஆனால் அதே வேரிலிருந்து ரிசர்ப்பின் என்னும் முக்கிய சத்தை 1952-ஆம் வருஷத்தில் பிரித்தெடுத்தது ஸ்விட்ஸர்லாந்தின் ஸீபா கம்பெனி. நமக்கு மிஞ்சியது அகழ்ந்து அகழ்ந்து அருகிப்போன சர்ப்பகந்திக் காடு.

அதனால் நம்மவர் வாளாவிருந்தார்கள் என்று சொல்வது நியாயமாகாது. லக்னோவிலுள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிலையம் நிர்மல், தவல் என்ற நித்தியகல்யாணி ரகங்களைக் குடியானவர்களுக்கு அளித்திருக்கிறது. நம் திருச்சியிலேயே செயிண்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ஆம் வருஷத்தில் பாதிரியார் கே. எம். மாத்யூ ராபினா தாவரப் பாடம் சேமிப்பகத்தை நிறுவினார். மாணாக்கர்களுடன் ஊர் ஊராக, குன்று குன்றாக நடந்து செடி சேகரித்து, தமிழ்நாட்டுச் சமவெளித் தாவரங்களைப் பற்றி 1980-களில் பெரிய தொகுதிகளை வெளியிட்டார். உலர்த்திக் காகிதத்தில் ஒட்டி, எங்கே எப்போது எடுத்தது என்று எழுதி வைத்த அந்தச் செடிகளைப் பார்த்து, இதனால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே தமிழ்ப் பெயர் மூன்று செடிகளுக்கு வழங்கும் நாட்டில், இன்ன செடிதான் இது என்று உறுதி செய்யாமல் அதன் நொதியைத் தேட முடியுமா? ஸ்டான்போர்டில் கண்டுபிடித்தது கடைசிப் படி. முதற்படி இப்படிப்பட்ட சேமிப்பகம்தான்.

செடியின் குணத்தை அறிவது ஒரு படி. சத்தைப் பிரித்தெடுப்பது இரண்டாம் படி. அச்சத்தைச் செய்யும் வேலையாட்களைப் பெயர் சொல்லி அழைப்பது மூன்றாம் படி. முதற்படியில் நம் முன்னோர் உலகத்துக்கே ஆசிரியர்களாக இருந்தார்கள். இரண்டாம் படியில் ஸித்திக்கி போன்றவர்கள் சரிசமமாக நின்றார்கள். மூன்றாம் படியிலும் நாம் ஏறினால்தான், இலையை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு மருந்தைச் சிமிழில் விலை கொடுத்து வாங்கும் நிலை மாறும். மற்றொரு தேசத்தார் அறிந்துவிட்டார்களே என்று பொறாமைப்படுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. அறிவு எல்லோருக்கும் பொது. ஆனால் கற்றவனுக்குத்தான் அது பொது.

இப்பொழுது பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண்களும் பிள்ளைகளும்தான் அந்தப் படியில் ஏற வேண்டியவர்கள். அதற்குப் பெரிய ஆராய்ச்சிசாலை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கொல்லையில் உள்ள செடி ஒன்றை எடுத்து, அதன் தமிழ்ப் பெயரும் சாஸ்திரப் பெயரும் கண்டு, அதை எந்தப் பூச்சி தின்கிறது, எது தின்னாமல் விலகுகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வரலாம். தின்னாமல் விலகும் செடிக்குள் ஏதோ ஒரு நொதி வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதன் பெயரை இன்னும் யாரும் இடாமல் இருக்கலாம். அந்தப் பெயரை இடும் உரிமை, ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு உரியது.